அருவிக்கரையில் மூன்று ரக்அத்

அந்த அருவி விட்டு விட்டு இரைந்தது.

தண்ணீர் என்னவோ ஒரே கட்டாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. ரோட்டுப் பாலத்துக்கு மேலே, பாறை உச்சியிலிருந்து கறுத்த குளத்துக்குள், இடைவெளி இல்லாமல், வெள்ளை வெளேரென்று. சத்தம்தான் சரியில்லை. அருவி என்றால் ஒரே மூச்சாக இரைய வேண்டும். இது எழும்பி, உச்சத்தில் ஒரு கணம் நின்று, உடைந்து, சரசரவென்று பின்வாங்கி, கொஞ்ச நேரம் சும்மா கிடந்து, பிறகு திரும்பவும் எழும்பியது. மார்கழி மாதத்துக் கல்முனைக் கடல் மாதிரி. மசூர் கார்க் கண்ணாடியை இறக்கிக் காதை வெளியே நீட்டினான்.

"பத்தி அண்ணன், இது அருவியா கடலா?"

"கடல் இஞ்சயிருந்து நாப்பது மைல், தம்பி," என்றார் சாரதி பத்திநாதர். "நடந்து வெளிக்கிட்டிருந்தாலும் இன்னும் வந்து சேந்திராது."

மசூர் சிரித்தான். மற்றவன் சொல்லும் பகிடிக்கும் வஞ்சகமில்லாமல் சிரிக்கிறவன் அவன். கல்முனைச் சந்தியில் இரண்டு மெஷின் வைத்துச் சோடா அடிக்கும் அவனைச் 'சோடா மசூர்' என்றுதான் ஊர் அறியும். மூடியைத் தட்டினால் போதும், பொங்கிவிடுவான் என்று அதற்கு அர்த்தமும் சொல்வார்கள். பின்சீட்டில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்த நதீரா மட்டும் சிரிக்கவில்லை.

"காலையில போகக்குள்ள இப்படி இரையல்ல," என்றாள்.

"காலையில அதுக்குத் தொண்டை கட்டியிருந்திருக்கும். இறங்கு புள்ள. விடிஞ்ச நேரத்திலிருந்து அருவி அருவி எண்டு என்ட உசிரை வாங்கினது நீதானே."

அது உண்மை. காலையில் பதுளைக்குப் போகும்போதே அவள் இந்த இடத்தைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, திரும்பி வரும்போது ஒரு பத்து நிமிஷம் நிறுத்தவேண்டும் என்று கேட்டிருந்தாள். எட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் கேட்ட ஐந்தாவதோ ஆறாவதோ பொருள் அது. இல்லை என்று சொல்ல மசூருக்கு வாய் வராது.

எட்டு வருஷம். அவர்கள் ஊரில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் குடிபோக வேண்டும். பெண்ணுக்கென்று கட்டிய வீட்டில், பெண்ணுக்கென்று செய்த கட்டிலில், வந்த மாப்பிள்ளையாகப் படுத்தெழும்பி எட்டு வருஷம். அந்த வீட்டில் ஒரு தொட்டில் ஆடவில்லை. மாமனார் மீராசாஹிபு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தச் சொல்லாத வார்த்தைதான் மசூருக்குச் சோற்றில் கல்லாகக் கடிபட்டது. ஊரார் வாய் திறப்பதற்குள் அவனே முந்திக்கொள்வான். "என்ட மெஷின்ல காத்து மட்டும்தான் அடைபடும்," என்று பள்ளிவாசல் வாசலிலேயே நின்று சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பிறகு வீட்டுக்குப் போகாமல் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான்.

இப்போது நதீராவுக்கு நாற்பத்திரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. பதுளையில் லேடி டொக்டர் பார்த்துவிட்டு, இருக்கும் போலத்தான் கிடக்கு, இன்னும் ஒரு மாதம் பொறுத்து வாங்க, குலுங்காமல் போங்க என்று சொல்லி அனுப்பினார். குலுங்காமல் போவதற்கு அந்த ரோட்டில் வழி இருக்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் பத்திநாதர், "மாதாவே" என்றார். மசூர் முன்சீட்டிலிருந்து கையைப் பின்னால் நீட்டி, அவள் வயிற்றுக்கு முன்னால் ஸ்பிரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தான். அது ஒரு பிரயோசனமும் இல்லாத வேலை என்பது அவனுக்கும் தெரியும்.

காட்டை மிருகங்களுக்கென்று அரசாங்கம் எழுதிக் கொடுத்து ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. பாலத்தடியில் புதுப் பலகை ஒன்று. மசூர் எழுத்துக்கூட்டி வாசித்தான். "வன விலங்குகளுக்கு வழிவிடவும். எங்கட ஊரு ஆட்டுக்குப் பலகை வெக்காமலே இந்தச் சட்டந்தான்."

"ஆனை இறங்கிற நேரம், தம்பி," என்றார் பத்திநாதர். "நான் காரைத் திருப்பி வெக்கிறன். தங்கச்சியக் கூட்டிக்கொண்டு சுருக்கா ஏறி வந்திருங்க."

ரோட்டிலிருந்து குளத்துக்குக் கல்லடுக்கிப் படி வெட்டியிருந்தது. நதீராவின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினான். ஈரப் பாசி, அழுகிய இலை, எங்கோ பூத்திருந்த காட்டு மல்லிகை. பாதிப் படிவரைக்கும் காட்டு வாசம்தான். அதற்குக் கீழே வேறு வாசம். கரைவலையைப் பிடித்து இழுத்துப் போட்டுக் காயவைத்த மணலில் வருமே, உப்பும் செதிலும் நனைந்த கயிறும் சேர்ந்த ஒன்று, அது. கீழே கால் வைத்தபோது மணல். காட்டு ஆற்றின் பருக்கன் மணல் அல்ல. மாவாக அரித்த, காலுக்குக் கீழே நெரிபடும் கடற்கரை மணல். மசூர் அதைப் பற்றியும் ஒரு பகிடி விடலாமென்று பார்த்தான். ஒன்றும் வாயில் வரவில்லை.

நதீரா தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். சாரல் அவள் முகத்தில் படிந்தது. கண்ணாடி வளையல் நிறைந்த கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வடிவாத்தான் இரிக்கி. ஆனா, போதும்."

"பொழுது பட்டு மஃரிபு ஆகிட்டு. தொழுதிட்டுப் போவம்."

"இஞ்சயா?" அவள் திரும்பினாள். "பயணந்தானே. இரவு இஷாவோட சேத்து ஊருல போய்த் தொழலாம். ஆலிம்சாவே சொல்லியிரிக்காரு."

"சொல்லியிரிக்காருதான். ஆனா முப்பத்திரெண்டு நாளா ஒரு வக்துத் தொழுகையையும் நான் பிந்தவிடல்ல, புள்ள. இண்டைக்கு விட்டா..."

அவன் கண் தன்பாட்டில் அவள் வயிற்றுக்குப் போய் வந்தது. அவளுக்கு விளங்கியது. பத்து நாள் தள்ளிப்போன அன்று இரவு அவன் பள்ளிவாசலுக்குப் போய், வாழ்க்கையில் முதல்தடவையாகப் பகிடி கலக்காமல் ஒரு விஷயத்தை அல்லாஹ்விடம் கதைத்திருந்தான். இது தங்கினால், ஒரு தொழுகையும் தவறவிடமாட்டேன். அதுவரை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எட்டிப்பார்த்தவன், மறுநாள் விடியற்காலைச் சுபஹுக்குப் போய் நின்றபோது, பாங்கு சொல்லும் முஅத்தின் விளக்கைத் தூக்கிப் பார்த்தாராம், யாரென்று.

"சரி," என்றாள் நதீரா. "கிப்லா எந்தப் பக்கம்?"

நல்ல கேள்வி. மேலே மரம், அதற்கு மேலே மப்பு. சூரியன் எங்கே போய் விழுந்தது என்று ஒரு தடயமும் இல்லை. ஆனால் மசூருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவனுடைய உடம்பு ஏற்கெனவே திரும்பியிருந்தது. கல்முனையில் யாரும் திசை பார்த்துத் தொழுவதில்லை. கிழக்கே கடல், கடல் இரைச்சல் முதுகில் பட்டால் முகம் மேற்கே, மக்காப் பக்கம், கிப்லாவில் இருக்கும். கண் தெரியாத கிழவனும் அந்தக் கணக்கில் பிழைக்கமாட்டான். பிறந்த நாளிலிருந்து முதுகில் வாங்கிய இரைச்சல், இங்கேயும் எழும்பி, உடைந்து, பின்வாங்கியது. மசூர் அதற்கு முதுகைக் கொடுத்தான்.

"இஞ்சால."

"வரக்குள்ள வெளிச்சம் அருவிப் பக்கமாத்தானே நிண்ட..."

"என்ட முதுகு சொல்லுது, புள்ள. உன்ட மார்க்கக் கேள்வியெல்லாம் அதுக்கிட்டக் கேளு."

அவள் சிரித்துக்கொண்டு, வுழூ செய்வதற்காகத் தண்ணீரோரம் நின்ற பெரிய பாறைக்குப் பின்னால் போனாள்.

மசூர் இந்தப் பக்கம் குந்தி முகம் கை கால் கழுவினான். தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. வாய் கொப்பளித்தான். உப்பு. தன் வியர்வைதான் வாய்க்குள் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு துப்பினான். சால்வையை மணலில் விரித்து, அருவிக்கு முதுகு காட்டி நின்றான். முன்னால் படி, படிக்கு மேலே ரோட்டின் விளிம்பு, அதற்கப்பால் கார் தெரியவில்லை. பின்னால் பாறைப் பக்கமிருந்து தண்ணீர் அள்ளும் சத்தமும் வளையல் குலுங்கும் சத்தமும் வந்தன. பிறகு நின்றன. பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு ஈர மணலில் கால் வைத்து நடக்கும் சத்தம் அவனுடைய முதுகுக்கு நேரே வந்து ஓய்ந்தது. கணவனுக்குப் பின்னால் மனைவி நிற்கவேண்டிய இடம்.

"வந்திட்டியா?"

வளையல் ஒருமுறை குலுங்கியது.

"இமாமா நிண்டு தொழுவிக்கிறது இதான் எனக்கு முதல் தடவை. பிழைச்சா சிரிச்சிராத."

வளையல்.

கையை உயர்த்தி, அல்லாஹு அக்பர் சொல்லித் தக்பீர் கட்டினான். இனி மூன்று ரக்அத், நின்று குனிந்து நெற்றி பதிக்கும் மூன்று சுற்று, முடித்து ஸலாம் கொடுக்கும்வரை திரும்புவதற்கில்லை. நெஞ்சைத் திருப்பினால் தொழுகை முறிந்தது.

சத்தமாக ஓதினான். கூச்சமாக இருந்தது. குரல் காற்றுப் போன சோடா மாதிரி அரைவாசியில் இறங்கியது. பாத்திஹா சூரா முடிந்ததும் பின்னாலிருந்து ஆமீன் வந்தது. மெதுவாக, ஒரு பெண் குரலில். தடிமன் பிடித்தவளின் குரல் மாதிரி, நீருக்குள்ளிருந்து வருவது மாதிரி. சாரல் பிடித்துவிட்டது, இவளுக்கு இப்ப தடிமனும் வந்து இருமினால் வயிறு என்னாகும் என்றுதான் முதலில் நினைத்தான். அவனுடைய பயம் அந்நேரம் அவ்வளவுதான்.

குனிந்து ருகூஉ செய்தான். இரைச்சலும் குனிந்தது.

அப்படித்தான் காதுக்குப் பட்டது. முதுகுக்குப் பின்னால் அத்தனை உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த சத்தம், அவன் குனிந்த பிறகு அரை மூச்சு தாமதித்துத் தானும் தணிந்தது. அவன் நிமிர்ந்தான். அரை மூச்சு கழித்து அதுவும் நிமிர்ந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முன்வரிசையில் நிற்கிறவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். இமாம் அசைந்த பிறகு, நூற்றுக்கணக்கான உடுப்புகள் ஒன்றாக அசையும் சரசரப்பு. காட்டுக் காற்று, என்று மசூர் தனக்குச் சொன்னான். மரம் ஒன்றும் அசையவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சுஜூதில் நெற்றி மணலில் பட்டது. பின்னால் வளையல் தரையைத் தொட்டது.

இரண்டாவது ரக்அத்துக்கு எழும்பியபோது வெளிச்சம் பாதியாகியிருந்தது. முன்னாலிருந்த படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பாத்திஹாவைக் கொஞ்சம் விரைவாகவே ஓதி முடித்தான்.

ஆமீன்.

ஒரு குரல் இல்லை.

முன்னதே முதலில். அதற்குப் பின்னால் இன்னும் சில. அதற்கும் பின்னால், மணலே இல்லாத இடத்தில், ஆழமான தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில், வரிசை வரிசையாக, தூரம் போகப் போக மெலிந்து. எல்லாம் பெண் குரல்.

மசூருக்குத் தெரிந்த சூராக்களிலே ஆகச் சின்னது எதுவோ அதை ஓதினான். குனிந்தான். குனிந்தார்கள். சுஜூதில் விழுந்தான். விழுந்த பிறகுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டான். ஈர மணலில் நெற்றி படும் சத்தம். தப். அதன் பிறகு தப், தப், தப் என்று பின்னால் பின்னால் போய், கடைசியில் தண்ணீரில் நெற்றி படும் சத்தம். குளிர்ந்த ஒன்று அவன் உள்ளங்காலை நனைத்தது. பின்வாங்கியது. மறுபடி நனைத்தது.

முறித்துக்கொண்டு ஓடலாம். கால்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. ஆனால் முறித்தால் சொன்ன சொல் போய்விடும். சொல் போனால் நதீராவின் வயிற்றில் இருப்பதும் போய்விடும். அவன் மனதில் அது கணக்குப் போல நேராக நின்றது. அதோடு, அவனுக்கும் அவற்றுக்கும் நடுவில் நதீரா நிற்கிறாள். அவளுடைய வளையல் கேட்கிறது. அவளும் இதெல்லாம் கேட்டுக்கொண்டுதானே நிற்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல், அவனை நம்பி. இன்னும் ஒரு ரக்அத். ஸலாம் கொடுத்த கையோடு அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு படியேறிவிடலாம். குலுங்காமல்.

இரண்டாவது ரக்அத்தின் இருப்பை இருந்து எழும்பினான். மூன்றாவதில் சத்தமாக ஓதுவதில்லை. வாய்க்குள்ளே ஓதினான். அவன் சத்தம் நின்றதும் பின்னாலும் சத்தம் இல்லை. மூச்சு மட்டும். ஈரமான, நிறைய மூச்சு.

மேலே ரோட்டில் ஹோர்ன் அடித்தது. நீளமாக. பிறகு பத்திநாதரின் குரல்.

"தம்பி! மசூர் தம்பி! இன்னும் கீழ என்ன செய்றீங்க? தங்கச்சி இஞ்ச அழுதுகொண்டு கிடக்கு!"

மசூர் ஓதுவதை நிறுத்தினான்.

"இஞ்சேருங்க..." நதீராவின் குரல். மேலேயிருந்து. காரிலிருந்து. உடைந்துபோய். "நான் கார்லதான் இரிக்கன். வுழூ செய்யப் போனடத்துல பாத்தன்... அந்தப் பக்கத்துப் பாறையாலேயே ஏறி வந்திட்டன். உங்களுக்கிட்ட எப்படிச் சொல்ற எண்டு..." பிறகு, வேற்று ஆண் ஒருவர் பக்கத்தில் நிற்க, எட்டு வருஷமாக இந்த விஷயத்தை அவனுக்கே தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறவள், காடு முழுக்கக் கேட்கக் கத்தினாள்: "எனக்குத் தொழுகை இல்லாமப் போய்த்து! இரத்தம் பட்டிட்டு!"

பின்னால், முதுகுக்கு நேரே, வளையல் குலுங்கியது.

இரத்தம் கண்டவள் தொழமாட்டாள். பாறைக்குப் பின்னால் போனவள் திரும்பி வரவேயில்லை. அவன் தக்பீர் கட்டும்போதே நாற்பத்திரண்டு நாளும் முடிந்திருந்தது.

குனிந்தான். ஏன் குனிந்தான் என்று தெரியாது. உடம்பு தன்பாட்டில் செய்தது. சுஜூது. தப். தப், தப். மறுபடி சுஜூது. தண்ணீர் இப்போது முழங்கால்வரை வந்து போனது. அல்லாஹ். அல்லாஹ். எழும்பினான். நேரே எழும்பி நின்றான். கையைக் கட்டினான்.

பட்.

ஒரு கைத்தட்டு. பின்னால்.

இமாம் பிழை விட்டால் பின்னால் நிற்கும் ஆண்கள் சுப்ஹானல்லாஹ் சொல்லித் திருத்துவார்கள். பெண்கள் வாய் திறப்பதில்லை. வலது உள்ளங்கையால் இடது புறங்கையில் ஒரு தட்டு. அவ்வளவுதான். மசூர் பிழை விட்டிருந்தான். மஃரிபு மூன்று ரக்அத். நான்காவதுக்கு எழும்பிவிட்டான்.

பட். அதற்கடுத்த வரிசையில்.

பட். பட்.

ஈரக் கைகள். ஊறிய கைகள். அருவி விழும் இடம்வரைக்கும். அதற்கும் பின்னால். ஒருத்திக்கும் கோபம் இல்லை. திருத்துகிறார்கள். உட்காரச் சொல்கிறார்கள்.

உட்கார்ந்தான்.

தட்டு நின்றது. எல்லாம் நின்றது. அருவியின் இரைச்சலும் நின்றது. கண்ணுக்கு முன்னால் கை தெரியாத இருட்டு. கடைசி இருப்பு. இடது கையை இடது முழங்காலில் விரித்தான். வலது கையைப் பொத்தி, சுட்டுவிரலை மட்டும் முன்னால் நீட்டினான். அந்த இருப்புக்குரிய அத்தஹிய்யாத்தை ஓதினான். வார்த்தை தவறவில்லை. கலிமாவுக்கு விரலைச் சற்று உயர்த்தினான். நபிமேல் ஸலவாத்தும் ஓதினான். இனி ஸலாம் மட்டும். வலப்பக்கம் ஒரு தரம், இடப்பக்கம் ஒரு தரம் முகத்தைத் திருப்பினால் முடிந்தது. சேர்ந்து தொழ நின்ற ஜமாஅத் கலையும். அவரவர் வந்த இடத்துக்குப் போகலாம்.

வலப்பக்கத்தில் ஏதோ அசைந்தது.

அரைச் சாண் பின்னால். இமாமோடு தொழுகிற ஆண் ஒருவன்தான் என்றால், அவன் வந்து நிற்கும் இடம்.

நீட்டிய விரலை ஒன்று பிடித்தது.

சின்னது. ஈரம். குளிர். நகம் முளைக்காத நாலு விரல், ஒரு பெருவிரல். சுற்றி வளைத்து, பிறந்த பிள்ளைகள் பிடிப்பது போல, தெரியாமலே, இறுக்கமாக. கூடப்பிறந்த ராத்தாவின் பிள்ளைகள் ஒவ்வொன்றும் அவன் விரலை அப்படித்தான் பிடித்தன. ஒவ்வொன்றையும் அவன் திருப்பிக் கொடுத்தான்.

மேலே கல்லில் செருப்புச் சத்தம். டோர்ச் வெளிச்சம் ஒன்று படியில் தடுமாறியது. "தம்பி! எங்க தம்பி நிக்கிறீங்க?" அதற்கும் மேலே நதீரா அழுதுகொண்டு அவனுடைய பேரைச் சொன்னாள். எட்டு வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத பேர்.

ஸலாம் கொடுக்கவேண்டும். கழுத்து வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. பிடித்திருந்த விரல்கள் மெல்ல, மெல்லத் தளர்ந்தன.

மசூர் கழுத்தை நிறுத்தினான். முகத்தை நேரே வைத்தான். அத்தஹிய்யாத்தை முதலிலிருந்து திரும்ப ஓதத் தொடங்கினான்.

பின்னாலிருந்த அத்தனை வரிசையும் அவனோடு சேர்ந்து முதலிலிருந்து தொடங்கியது. விரலைச் சுற்றியிருந்த பிடி மறுபடி இறுகியது.